உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்

ஒரு பொருளை யாரும் எங்கேயும் எடுத்து வைக்காமலே, ‘உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்’ என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் அது பொய்யா? இல்லை, எல்லாக் கடையிலும் சொல்கிற வெறும் வியாபாரப் பேச்சா? அந்த வாக்கியத்தை எழுதியவள் நான். அதை என் குரலில் பேசியவளும் நான்தான். வேலையை விட்டு நான்கு வருடம் ஆகப்போகிறது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது தெரிந்தாக வேண்டிய நெருக்கடி வந்திருக்கிறது. போன வாரம் ஜெபா போன் செய்தாள். நான் வேலை பார்த்த கம்பெனியில், போனிலேயே துணிமணி, செருப்பு, அழகுப் பொருள் எல்லாம் விற்கிற கம்பெனியில், எனக்குக் கீழே சேர்ந்த பெண். மும்பை தாராவியில் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி வீடு.

“எக்கா, ரிட்டயர்டு லைஃப் எப்படிப் போகுது?”

எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆனால் அவள் சொன்னது முழுக்கக் கேலியும் இல்லை. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி விற்பது என்று யோசிப்பதுதான் எங்கள் வேலை. அதில் முப்பதைத் தாண்டியவர்களைப் பழைய ஆள் என்றுதான் பார்ப்பார்கள்.

ஜெபா விஷயத்துக்கு வந்தாள். என் குரலை வைத்து மிஷினே இனிமேல் பேசுமாம். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிடுமாம். அதற்கு என் சம்மதம் வேண்டும். நான்கு பக்கப் படிவம் மெயிலில் வந்திருக்கிறது. “ஒங்க கையெழுத்து மட்டும் போதும்க்கா. நீங்க வாயத் தொறக்கவே வேண்டாம்” என்றாள்.

மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குமுன் நடந்ததை ஒழுங்காக ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

தாராவியில் ஏழாவது வரை தமிழ்ப் பள்ளி, அப்புறம் இங்கிலீஷ் மீடியம், மாட்டுங்காவில் பி.காம். இரண்டு வருடம் ஒரு கால் சென்டரில் இந்தியிலும் தமிழிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு செம்பூரில் இந்தக் கம்பெனி. தமிழை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரியும் என்பதுதான் என்னை எடுத்ததற்கு முக்கியக் காரணம். எங்கள் பகுதியில் என் வயதுக்காரர்களுக்கே அது அபூர்வம்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் போனில் ஒரு பொருளைப் பார்ப்பார்கள். பிடித்தால் கூடையில் போடுவார்கள். வாங்காமல் போய்விடுவார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிட ஒரு செய்தி போகும். ஒரு மணி நேரம் கழித்து முதல் செய்தி. மறுநாள் காலை அவர்கள் ரயிலில் இருக்கும் நேரம் பார்த்து இரண்டாவது. மூன்றாம் நாள் கடைசி. அந்தச் செய்திகளைத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு.

எங்கள் மேலாளர் பாரேக் சார். குஜராத்திக்காரர். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நம்பும்படி இருந்தால் தலைக்கு மேலே ஒரு விரல். இல்லையென்றால் இரண்டு விரல். பிறகு எப்போதும் ஒரே கேள்விதான்: “கோன் போல் ரஹா ஹை?” யார் பேசுகிறார்கள்? அண்ணனா, போலீஸா, ஸ்டேஷன் மைக்கா? நான் எழுதும் தாளில் ‘யாருக்கு, எப்போது, என்ன’ என்ற மூன்று பத்திகளோடு ‘யார் பேசுவது’ என்று நாலாவது பத்தி ஒன்றை அவர்தான் சேர்த்தார். அது காலியாக இருந்தால் தாளையே வாங்க மாட்டார்.

வாங்குகிறவர்களை அவர் ஒருநாளும் கஸ்டமர் என்று சொன்னதில்லை. பழைய பம்பாய்க் கடைக்காரர்கள் மாதிரி ‘பார்ட்டி’ என்பார். அவர் சொன்ன ஒன்று இன்றும் மனதில் நிற்கிறது. பிள்ளைகள் கூடையில் போடுவது வாங்குவதற்காக அல்ல, வாங்காமல் இருப்பதற்காக என்பார். போட்டுவிட்டால் பாதி ஆசை தீர்ந்துவிடும். ரயிலில் தோழிக்குக் காட்டினால் மீதியும் தீர்ந்துவிடும். காசு செலவாகாமலே ஆசை தீர்ந்துபோகிறது. அப்படித் தீரவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் நமக்குச் சம்பளம் என்று சிரிப்பார். நானும் சிரித்தேன். கெட்ட மனிதர் இல்லை. என் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த வாரம் நான் கேட்காமலே லீவு போட்டுக் கொடுத்தவர்.

முதலில் நான் எழுதியது ‘தங்கள் கூடை தங்களுக்காகக் காத்திருக்கிறது’. இங்கிலீஷில் இருந்ததை அப்படியே மாற்றியிருந்தேன். இரண்டு விரல். அனுப்பியும் பார்த்தோம். ஒருவரும் தொடவில்லை. தாராவிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைப் படிக்கவே நேரம் ஆகிறது, அதற்குள் விரல் தள்ளிவிட்டுவிடும் என்று நான்தான் சொன்னேன். அப்படியானால் பேசி அனுப்புவோம் என்றார் சார். பத்து விநாடிக் குரல் செய்தி. சென்னையிலிருந்து ஒரு பெண் பேசி அனுப்பினார். அழகான குரல். சார் கேட்டுவிட்டு இரண்டு விரலையும் தூக்கி, “டிவி போல் ரஹா ஹை” என்றார். டிவி பேசுகிறதாம்.

அப்போதுதான் எனக்குக் காதர் பாய் கடை ஞாபகம் வந்தது. தாராவியில் அம்மா துணி எடுக்கும் கடை. கடையைத் தாண்டிப் போகும்போது அவர், “மதினி, ஒங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்” என்பார். சும்மா சொல்வதில்லை. உண்மையிலேயே பேப்பரில் சுற்றி, பேர் எழுதி, கல்லாவுக்குக் கீழே வைத்திருப்பார். வேறு யாருக்கும் காட்ட மாட்டார். வாங்குகிற நமக்கும் ஒரு முறை உண்டு. ஒன்று போய் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஆள்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டால் மரியாதை கிடையாது. எனக்குக் காய்ச்சல் அடித்த ஒரு நாளில்கூட, “போயி பாய்ட்ட வேண்டாமாம்னு சொல்லிட்டு வந்துரு, பாவம் அவரு வச்சுக்கிட்டு இருப்பாரு” என்று அம்மா என்னை அனுப்பியிருக்கிறாள்.

எழுதினேன்: ‘ஏ தங்கச்சி, நீ பாத்துட்டுப் போனியே, அத ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கோ, என்ன?’ நாலாவது பத்தியில் ‘கடைக்கார அக்கா’ என்று போட்டேன். சென்னைப் பெண்ணுக்கு அந்த ‘என்ன?’ வரவில்லை. என்னையே பேசச் சொன்னார் சார். சின்ன மீட்டிங் அறையில், சத்தம் பதிவாகும் என்று ஏசியை நிறுத்திவிட்டு, மே மாத வியர்வையில் பதினேழோ பதினெட்டோ தடவை பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார் முதுகைக் காட்டி நின்றார். கடைசியில் ஒரு விரல் உயர்ந்தது.

நன்றாகப் போனது. நாங்கள் நினைத்ததைவிட நன்றாகவே போனது. பார்ட்டிகள் திரும்பி வந்தார்கள், வாங்கினார்கள். இந்தி டீமும் மராத்தி டீமும் என்னிடம் வந்து அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்டார்கள். சொன்னேன். அவர்கள் மொழியில் அது அவ்வளவாக எடுபடவில்லை. அப்போதே நான் ஏன் என்று யோசித்திருக்க வேண்டும்.

ஜெபா சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டு என் மேசைக்கு ஓடி வந்தாள்.

“எக்கா, இவங்க எல்லாம் ஒங்களுக்குப் பதில் பேசிருக்காங்க.”

“எவங்க?”

“பார்ட்டிங்க. ஒரு ஃபோல்டரே இருக்கு. யாரும் தொறக்கல.”

குரல் செய்திக்குப் பதில் அனுப்ப முடியும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், விளம்பரத்துக்கு யார் பதில் சொல்வார்கள்? இவர்கள் சொல்லியிருந்தார்கள். பையன்களும் பெண்களுமாக, ரயில் சத்தத்துக்கு நடுவே, பட்டறை மிஷின் சத்தத்துக்கு நடுவே. “எக்கா, வேண்டாம்க்கா, சும்மாதான் பாத்தேன்.” “எக்கா, சாரி, சம்பளம் வரட்டும்.” “வேற ஆளு கேட்டா குடுத்துருங்க, ஒண்ணும் இல்ல.” காதர் பாய்க்கு ஆள்விட்டுச் சொல்வதுபோல், வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தமிழ் படிக்க வராத பிள்ளைகள். ஆனால் எடுத்து வைத்தவளைக் காக்க வைக்கக்கூடாது என்று மட்டும் வீட்டில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜெபா சிரித்துக்கொண்டே ஒன்றைப் போட்டுக் காட்டினாள். “எக்கா, நான் பேச்சி பேசுறேன்” என்று அது தொடங்கியது. “பேச்சி பேசுறாளாம்க்கா” என்று ஜெபாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“எக்கா, நான் பேச்சி பேசுறேன், சீத்தா கேம்ப்ல இருந்து. அந்த வெள்ள ஷூவ எடுத்து வச்சிருக்கேன்னு சொன்னியள்லா. இந்த மாசம் முடியாதுக்கா. வேற யாராச்சும் கேட்டா குடுத்துருங்க. தப்பா நெனைக்காதிய.”

அதே எண்ணிலிருந்து மறுநாள் இன்னொன்று. எங்கள் இரண்டாவது செய்தி தானாகப் போயிருந்தது.

“எக்கா, இன்னுமா வச்சிருக்கிய? நான்தான் குடுத்துருங்கன்னு சொன்னேன்லா. ஒங்க சேட்டு ஏசப் போறாரு.”

இதற்கும் நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவதைக் கேட்டபோது இருவரும் சிரிக்கவில்லை.

“எக்கா, வாங்கிட்டேன். நர்சிங் கிளாசுக்குக் கட்ட வச்சிருந்தேன். பரவால்ல, அடுத்த பேட்ச்ல சேந்துக்கிடலாம். இவ்வளவு நாளு எனக்காக வச்சிருக்கிய, எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. சேட்டு ஏசலல்லா?”

என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, திரும்ப ஒரு தடவை கேட்டேன். பிறகு சாரிடம் கொண்டுபோனேன்.

அவர் வழக்கம்போல் நாற்காலியைத் திருப்பினார். மூன்றையும் இரண்டு தடவை போடச் சொன்னார். நான் வரிவரியாக இந்தியில் அர்த்தம் சொன்னேன். ‘ஒரு மாதிரி இருந்துச்சு’ என்ற இடத்தில் எனக்கு இந்தி வரவில்லை. வெட்கம் என்றேன், கூச்சம் என்றேன், கடைசியில் “நாம் காத்திருப்பது அவளுக்குப் பாரமாக இருந்திருக்கிறது” என்றேன். விரல் எதுவும் உயரவில்லை. நாற்காலியைத் திருப்பாமலே கேட்டார்.

“உஸ்கோ ஜூதா பசந்த் ஆயா, யா தூ பசந்த் ஆயி?”

அவளுக்குப் பிடித்தது ஷூவா, நீயா?

அவளோடு பேச வேண்டும் என்றேன். அது விதிப்படி முடியாது என்றார். உண்மைதான். எண்ணின் கடைசி நாலு இலக்கம்தான் எங்களுக்கே தெரியும். ஆனால் கஸ்டமர் கேரிடம் சொல்லிக் கூப்பிட வைத்தார். அவர்கள் இந்தியில் கூப்பிட்டு, ஷூவைத் திருப்பித் தர விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் இல்லை, நல்ல ஷூ என்றிருக்கிறாள். ‘பார்ட்டி குஷ், கேஸ் க்ளோஸ்’ என்று எங்களுக்குக் குறிப்பு வந்தது.

வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்று கேட்டேன். அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று கேட்டார். கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். செய்தியின் முடிவில், ‘வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்’ என்று சேர்க்கலாம். வருகிற பதில்களை ஜெபா தினமும் கேட்கட்டும். வேண்டாம் என்றவர்களுக்கு அடுத்த செய்தி போகக்கூடாது. சார் உடனே ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டதும் எனக்கு இருந்த நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஏதோ சரி செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

புதிய செய்தி பழையதைவிட அதிகம் விற்றது.

இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. ‘வேண்டாம்’ என்று பதில் வருவது குறைந்தது, வாங்குவது கூடியது. சார்தான் விளக்கினார். வேண்டாம் என்றால் பரவாயில்லை என்று அன்பாகச் சொல்பவளிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது? அவர் அதை மகிழ்ச்சியாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். எங்கள் டீமுக்குக் கேக் வெட்டினார்கள். மேலே அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தார்கள். பேக்கரிக்காரர் போனைப் பார்த்து எழுதியதில் ஒரு கால் விட்டுப்போய் ‘வேண்டம்’ என்று இருந்தது. ஜெபா கிரீமால் கால் போட்டாள். எல்லோரும் கை தட்டினோம். எனக்குச் சம்பளம் உயர்ந்தது.

அதற்கு அடுத்த சில மாதங்களில் நான் உண்டாகியிருந்தேன். டாக்டர் ரயிலில் போக வேண்டாம் என்றார். வேலையை விட்டேன். குழந்தைக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன், அது பொய்யில்லை. ஆனால் மகள் இனியா பிறந்து ஒரு வருடம் கழித்துத் திரும்பப் போயிருக்கலாம், சார் இரண்டு தடவை கேட்டார். போகவில்லை. பேச்சியால்தான் போகவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அப்படிச் சொன்னால் நான் நல்லவளாகத் தெரிவேன். உண்மையில் பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுப் போகப் பயம், அவ்வளவுதான் என்றும் தோன்றுகிறது. இரண்டில் எது என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது இந்தப் படிவம். என் கணவர் டெக்னீசியன். சாயங்காலம் ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நம்ம காய்கறிக்காரன் என்ன சொல்லுதான்? ‘மேடம், நேத்தே ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேன்’னு வாடிப்போன கத்தரிக்காயக் குடுக்கான். நீ வாங்குதல்லா?”

“அவன் எதுக்க நிக்கான். மூஞ்சியப் பாத்து வேண்டாம்னு சொல்லிரலாம்.”

“சொல்லிருக்கியா?”

“இல்ல.”

“பெறவென்ன?” என்று முகம் கழுவப் போய்விட்டார். ஆனால் கத்தரிக்காயும் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜெபா திரும்பக் கூப்பிட்டபோது தயங்கினேன். அவள் கோபப்படவில்லை. “தமிழ் டீம்ல இப்ப நான் ஒருத்திதான்க்கா இருக்கேன். குரல் கிடைக்கலன்னா தமிழே வேண்டாம்னு மூடிருவாங்க. இல்லன்னா மிஷின் அதுவா ஒரு தமிழ் பேசும், ‘யெடுத்து வெய்த்திருக்கிறென்’னு. அதக் கேட்டு நானே வாங்க மாட்டேன்” என்றாள். அவள் வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் மட்டும்தான். அதை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

“அந்த ‘வேண்டாம்’ பதிலெல்லாம் இப்ப யாரு கேக்கா?” என்று கேட்டேன்.

“அதுவும் மிஷின்தான்க்கா. நல்லாத்தான் கேக்குது. பேச்சி மாதிரி சுத்தி வளச்சுப் பேசுனாத்தான் புரியாது.”

அன்று மாலை, எனக்கு ஆசையாக இருக்கட்டும் என்று, மாதிரிக்கு ஒரு செய்தி செய்து அனுப்பினாள். பழைய பதிவுகளிலிருந்து மிஷின் கற்றுக்கொண்ட குரல். வேறு யாருக்கும் போகாது என்று சொல்லித்தான் அனுப்பினாள். கையில் மாவு, விரல் முட்டியால் தட்டினேன்.

‘ஏ இனியா, ஒனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கோ, என்ன?’

என் குரல்தான். பதினெட்டுத் தடவை பேசிய களைப்பு மட்டும் இல்லை. மூன்றரை வயது இனியா தரையில் உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருந்தாள். போனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். என் வாய் மூடித்தான் இருந்தது. அவளுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை.

“எங்கம்மா வச்சிருக்க?”

“அது சும்மா போன்ல...”

“எடுத்து வச்சிருக்கேன்னு சொன்னல்ல?”

எழுந்துபோய் என் கைப்பையைத் திறந்து பார்த்தாள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டைப் பார்த்தாள். தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். அழவில்லை. சந்தேகப்படவும் இல்லை. இருக்கும், அம்மா எங்கேயோ வைத்திருக்கிறாள் என்று தேடிக்கொண்டே இருந்தாள். நான் கையைக்கூடக் கழுவாமல் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு, அங்கே பார் என்றேன். கண்டுபிடித்துவிட்டாள். சந்தோஷமாகத் தின்றாள்.

அதிலிருந்து படிவத்தைத் திறந்து திறந்து மூடுகிறேன். சிறு பிள்ளை நம்பியதை வைத்து இருபது வயதுப் பிள்ளைகளை எடைபோடலாமா என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அவர்கள் பிறந்ததிலிருந்தே போனோடு வளர்ந்தவர்கள். எது விளம்பரம், எது மனிதர் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தெரிந்தே விளையாட்டாக வாங்குகிறார்கள் என்றால், நான் யார் தடுக்க? கையெழுத்துப் போட்டுவிடலாம், ஜெபாவின் வேலையாவது நிற்கும். ஆனால் பத்தில் ஒரு பிள்ளையாவது, யாரோ ஓர் அக்கா தனக்காக எடுத்து வைத்துக்கொண்டு சேட்டிடம் ஏச்சு வாங்குகிறாள் என்று நினைத்து வாங்குகிறது என்றால், என்னால் முடியாது. இதில் எது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து யோசித்தால் தெரியப்போவதும் இல்லை.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். மும்பையில் வளர்ந்த அவர்களில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது, இந்தப் பக்கம் அவர்கள் கண்ணில் படவே படாது. நீங்கள் அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம். ‘இப்படி ஒரு குரல் வந்தால், உனக்கு என்ன தோன்றும்?’ என்று மட்டும் கேளுங்கள். பேச்சியின் இடத்தில் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை மாதக் கடைசிக்குள் இந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள், ஆசிரியர் எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தி கலந்து சொன்னால் கலந்தபடியே எழுதுங்கள். தயவுசெய்து அதை நல்ல தமிழாக மாற்றிவிடாதீர்கள்.